நடிகையின் பெயர் தொட்டிலுக்கு வரும் வழி

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பேத்திக்கு மகள் வைத்திருப்பது ஒரு நடிகையின் பெயர். "அந்தப் புள்ளைய உனக்கு அவ்வளவு பிடிக்குமா?" என்று விசாரித்தால், "அவ படம் ஒண்ணுகூட நான் பாத்ததில்லப்பா, பேரு கேக்க நல்லாருந்துச்சு, வச்சேன்" என்றாளாம். நடிகையைப் பிடிக்காமலே நடிகையின் பெயர் எப்படித் தொட்டிலுக்கு வருகிறது? பெயர்களை ஆராய்கிறவர்கள் பல வருஷமாக முட்டி மோதிய இடமும் இதுதான்.

மரியாதைக்காக வைக்கிற பெயரைப் புரிந்துகொள்வது எளிது. 1953 மார்ச் 1ஆம் தேதி கருணாநிதிக்கு மகன் பிறந்தார், மார்ச் 5இல் சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தார், பிள்ளைக்கு ஸ்டாலின் என்று பெயர் விழுந்தது. போஸ், காந்தி, நேரு, காமராஜ் எல்லாம் இந்த வகை. பாளையங்கோட்டை, இடையன்குடிப் பக்கம் கால்டுவெல் என்று பெயர் வைத்தவர்களும் உண்டு. இந்த வகையில் எனக்கு ரொம்பப் பிடித்தது வ.உ.சி. வைத்த பெயர். 1908 வழக்கில் தண்டனை பெற்றதால் பறிபோன வக்கீல் சன்னது (தொழில் உரிமம்) அவருக்குத் திரும்பக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றியை மறக்காமல் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வாலஸ் அப்படியே வரவில்லை பாருங்கள், 'ஈஸ்வரன்' என்று வால் முளைத்து, ராமேஸ்வரன் மகேஸ்வரன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிற மாதிரி வந்தது. ஆள் வெளியூர், ஓசை உள்ளூர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லைச் சீமையில் ரொம்ப காலம் பெயர் என்பது தேர்ந்தெடுக்கிற விஷயமாகவே இல்லை. மூத்தவனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மா வழித் தாத்தா பெயர், அதற்கப்புறம் குலசாமி. இசக்கிமுத்து, சுடலைமுத்து, பேச்சியம்மாள், முப்பிடாதி. கோயிலை வைத்து ஊரையே சொல்லிவிடலாம்: காந்திமதிநாதன் என்றால் திருநெல்வேலி, கோமதி என்றால் சங்கரன்கோவில், வானமாமலை என்றால் நாங்குநேரி, குற்றாலிங்கம் என்றால் சொல்லவே வேண்டாம். இந்தக் கட்டாயம் தளரும்போதுதான் பெயருக்குள் ஃபேஷன் நுழைகிறது என்று ஸ்டான்லி லீபர்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் விரிவாக எழுதியிருக்கிறார். சரி, கட்டாயம் போய்விட்டது, மகள் தன் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்கிறாள். அந்த இஷ்டம் எங்கிருந்து வந்தது?

1960களின் கடைசியில் உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸும் அவருடன் வேலை செய்தவரும் அமெரிக்காவின் மிச்சிகனில் இரண்டு பல்கலைக்கழக மாணவர் பத்திரிகைகளில் ஒரு வினோதமான விளம்பரம் போட்டார்கள். ஒரு பெட்டிக்குள் ஒரே ஒரு சொல். கடிர்கா, நான்சோமா, இக்டிடாஃப் என்று துருக்கி மொழி மாதிரித் தோன்றும் சொற்கள், படிக்கிறவர்களுக்கு அர்த்தம் எதுவும் தெரியாது. சில சொற்கள் அடிக்கடி வந்தன, சில எப்போதாவது. ஒரு பத்திரிகையில் அடிக்கடி வந்த சொல் இன்னொன்றில் அபூர்வமாக வரும்படி மாற்றியும் வைத்தார்கள். கடைசியில் மாணவர்களிடம் கேட்டபோது, அடிக்கடி கண்ணில் பட்ட சொல்லுக்குத்தான் நல்ல அர்த்தம் இருக்கும் என்று அதிகம் பேர் சொன்னார்கள். யாரும் புகழவில்லை, யாரும் சிபாரிசு செய்யவில்லை. திரும்பத் திரும்பப் பட்டது, பிடித்துப்போனது, அவ்வளவுதான்.

பெயருக்கும் இப்படித்தான் நடக்கிறது என்று எப்படி நிரூபிப்பது? நடிகையை வைத்து நிரூபிக்க முடியாது. அவர் புகழும் அழகும் ஒரு பக்கம், பெயரின் ஓசை இன்னொரு பக்கம், இரண்டும் பிணைந்து கிடக்கும். பிரபலமாகவும் இருக்க வேண்டும், யாரும் நேசிக்காததாகவும் இருக்க வேண்டும், அதோடு அதன் பெயர் யாருடைய ரசனையையும் பார்த்து வைத்ததாக இருக்கக் கூடாது. அப்படி ஒன்று உலகத்தில் உண்டா?

உண்டு, புயல். அட்லாண்டிக் புயல்களுக்கான மனிதப் பெயர்ப் பட்டியல் அகர வரிசையில் முன்கூட்டியே தயாராக இருக்கும். எந்தப் பெயர் பெரும்புயலுக்குப் போகும், எது கடலிலேயே ஓய்ந்துபோகும் என்று யாருக்கும் தெரியாது. 2005 ஆகஸ்டில் கத்ரீனாவுக்கு அது நேர்ந்தது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், மாதக் கணக்கில் டிவியிலும் பத்திரிகையிலும் அந்தப் பெயர்தான். ஜோனா பெர்கர் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 2012இல் வெளியிட்ட கட்டுரையில் அதற்கப்புறம் பிறந்த குழந்தைகளின் பெயர்களைப் பார்த்தார்கள். கத்ரீனா என்ற பெயரை வைக்கிறவர்கள் குறைந்துபோனார்கள், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அதே 'க' ஒலியில் தொடங்கும் மற்ற பெயர்கள் சுமார் 9 சதவீதம் கூடியிருந்தன! பெயரை வெறுத்த அதே ஜனங்கள், அதன் முதல் ஒலியைத் தங்களுக்கே தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தப் பெற்றோரில் ஒருவரிடம் போய் "புயலைப் பார்த்தா வைத்தீர்கள்?" என்று கேட்டிருந்தால் அடிக்க வந்திருப்பார். கத்ரீனாவோடு நிற்கவில்லை, நூறு வருஷத்துக்கும் மேலான பெயர்ப் பதிவுகளைப் பிரித்துப் பார்த்ததில், போன வருஷம் பிள்ளைகளின் பெயர்களில் எந்த ஒலிகள் நிறைந்திருந்தனவோ அந்த ஒலிகள் உள்ள புதுப் பெயர்கள் இந்த வருஷம் ஏறுகின்றன, அதிலும் பெயரின் முதல் ஒலிக்குப் பலம் அதிகம் என்று தெரிந்தது. பெயர் முழுசாகப் பரவுவதில்லை, துண்டு துண்டாகப் பரவுகிறது. இந்த ஒரு கண்டுபிடிப்புக்காகவே எனக்கு இந்தத் துறை மேல் அப்படி ஒரு பிரியம்.

இப்போது நடிகைக்கு வருவோம். நடிகைதான் அலையை எழுப்புகிறார் என்று நாம் நினைக்கிறோம், பல சமயம் அவர் ஏற்கெனவே எழும்பிய அலை மேல் வருகிறவர். ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோவின் இயற்பெயர் நார்மா ஜீன், 1946இல்தான் மர்லின் ஆனார். அமெரிக்கப் பதிவுகளில் மர்லின் என்ற பெயர் உச்சத்தில் இருந்தது 1930களில். அவர் உலகப் புகழ் பெற்ற 1950களில் அது இறங்குமுகம். சினிமாவுக்குப் பெயர் தேடுகிறவர்களும் அதே காற்றைச் சுவாசிக்கிறவர்கள்தானே, காதுக்குப் பழகின ஓசையைத்தான் அவர்களும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஏதாவது ஒரு காதணி விழா ஃப்ளெக்ஸை நின்று படியுங்கள். தாத்தா சுடலைமுத்து, அப்பா முத்துக்குமார், காது குத்துகிற பிள்ளைகள் ரித்திக், தர்ஷன், தன்ஷிகா. கீழே சித்தப்பா மாமா பிள்ளைகளின் வரிசையிலும் அதே 'ஷ', அதே 'த்திக்'. பிறப்புச் சான்றிதழில் 'இசக்கி தர்ஷன்' என்று குலசாமியையும் விட்டுக்கொடுக்காமல் சேர்த்துக்கொண்ட வீடுகளும் உண்டு, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். கல்லிடைக்குறிச்சி மகளின் காதில் இந்த 'ஷ' மாதிரி ஓசைகள் பால்வாடியிலும், வாட்ஸாப்பிலும், அடுத்த வீட்டுத் தொட்டிலிலும் முதலிலேயே விழுந்திருக்கும். நடிகையின் பெயர் அதோடு வந்து பொருந்தியது, பழகின பெயர் மாதிரித் தோன்றியது. படம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒன்று சொல்லிவிட வேண்டும். வேகமாக ஏறும் பெயர் வேகமாகவே இறங்கும். பெர்கரும் லெ மான்ஸ் என்ற ஆய்வாளரும் 2009இல் பிரான்ஸ், அமெரிக்கா இரண்டு நாட்டுப் பதிவுகளிலும் இதைக் காட்டினார்கள். திடீரென்று பரவின பெயரைப் பார்த்தால் அடுத்து பெயர் வைக்க வருகிறவர்களுக்கே 'இது சும்மா வந்துபோகிற மோஸ்தர்' என்று தோன்றிவிடுகிறது.

"இதெல்லாம் எதுக்கு, நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்த்துத்தானே வைக்கிறோம்" என்பவர்கள் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், மொத்தம் 108. நிலா ஒரு பாதத்தைக் கடக்கச் சுமார் 6 மணி நேரம், எல்லாப் பாதத்துக்கும் ஏறக்குறைய சம பங்கு. எல்லோரும் உண்மையாகவே அதைப் பின்பற்றினால் பள்ளிக்கூட வகுப்பில் பிள்ளைகள் பெயரின் முதல் எழுத்துகள் சமமாகப் பரவியிருக்க வேண்டும், அலையே எழக் கூடாது. அஸ்தம் மூன்றாம் பாதத்துக்கு வடமொழி முறைப்படி 'ண', அந்த எழுத்தில் தொடங்கும் பெயரை யாராவது பார்த்ததுண்டா? நட்சத்திரம் பார்க்கிறவர்களும் கடைசியில் கேட்கப் பிடித்த ஓசைக்குத்தான் வந்து சேர்கிறார்கள். நியூமராலஜி என்று சொல்லி, பிறந்த பிள்ளையின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் இரண்டு எழுத்தைக் கூட்டிவிட்டுக் காசு வாங்குவதை என்னால் மன்னிக்கவே முடியாது. அந்தப் பிள்ளை ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் பாஸ்போர்ட்டிலும் எழுத்து ஒத்துப்போகாமல் ஆயுசுக்கும் அலைய வேண்டும்.

அமெரிக்காவில் 1880இலிருந்து பிறந்தவர்களில் எந்தப் பெயர் எத்தனை பேருக்கு என்று வருஷவாரியாகச் சமூகப் பாதுகாப்புத் துறை வெளியிடுகிறது. ஐந்துக்கும் குறைவானவர்கள் வைத்த பெயரை விட்டுவிடுவதால் யாருடைய அந்தரங்கமும் கெடுவதில்லை. இங்கே 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி ஒவ்வொரு பிறப்பும் பதிவாகிறது, முதலில் பெயரில்லாமல் பதிந்தால் ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம், அப்புறம் தாமதக் கட்டணத்தோடு 15 வருஷம் வரை. தகவல் அரசிடம் இருக்கிறது. எண்ணி, மாவட்டவாரியாக வெளியிட்டால் போதும். ராக்கெட் ஆராய்ச்சிக்கு ஆகும் செலவில் துளிகூட ஆகாது, நம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைப் பிள்ளைகளுக்கும் புள்ளியியல் பிள்ளைகளுக்கும் சேர்ந்து செய்ய வேலை கிடைக்கும். இதற்குக்கூட நிதியில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன்.

அது வந்தால் நான் முதலில் தேடப்போவது நடிகைகளை அல்ல. எம்மா என்ற பெயர் 1880இல் அமெரிக்காவில் மூன்றாவது இடத்தில் இருந்தது, 1970களில் பாட்டி பெயர் என்று ஒதுக்கப்பட்டு நானூறு இடங்களுக்கும் கீழே போனது, 2008இல் முதலிடத்துக்கு வந்தது. கேட்டுக் கேட்டு அலுத்த ஓசை, கேட்க ஆளில்லாமல் போனதும் மறுபடி புதுசாகிவிடுகிறது. கோமதியும் உலகம்மாளும் இசக்கியும் எந்த வருஷம் அடிமட்டத்தைத் தொட்டார்கள், எந்த ஊரிலிருந்து திரும்ப ஏறுகிறார்கள் என்பதைத்தான் தேடுவேன்.