முன்னாள் படைவீரர் மறைந்தால்: கொடி முதல் குடும்ப ஓய்வூதியம் வரை

வயது முதிர்ந்த முன்னாள் படைவீரர் ஒருவர் இறந்ததும், கடையில் வாங்கிய தேசியக் கொடியை உறவினர்களே உடல்மேல் போர்த்திவிடுவது உண்டு. மரியாதை நினைத்துச் செய்வதுதான். ஆனால் சட்டம் இதற்கு இடம் தரவில்லை. தேசிய மரியாதைக்கு இழிவு செய்வதைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசு மரியாதையோடும் முப்படை, துணை ராணுவப்படை மரியாதையோடும் நடக்கும் இறுதிச் சடங்குகளில் மட்டுமே கொடி போர்த்தலாம். மீறினால் 3 ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். முறைப்படி போர்த்தும்போதும் காவி நிறம் தலைமாட்டில் இருக்க வேண்டும். கொடியைக் குழியில் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது.

ஓய்வு பெற்றவர் எல்லோருக்கும் படை மரியாதை தானாக வந்துவிடாது. இறந்த உடனே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும், அருகில் ராணுவ நிலையம் இருந்தால் அங்கேயும் தெரிவியுங்கள். படை எண், பதவி, படைப்பிரிவு, அடக்கம் நடக்கும் இடம், நேரம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். வீரதீர விருது பெற்றவரென்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். மாலையில் அடக்கம் என்றால் காலையிலேயே தகவல் போயிருக்க வேண்டும்.

அடுத்தது இறப்புச் சான்றிதழ். 21 நாட்களுக்குள் பதிந்துவிடுங்கள். தாமதித்தால் கட்டணம், அனுமதி என்று வேலை கூடும். குடும்பங்கள் அதிகம் சிக்கிக்கொள்வது பெயரில்தான். படையிலிருந்து விலகும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் புக்கிலும் பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணையிலும், 1960-களில் ஆள் சேர்த்த எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதிய எழுத்துகளே இருக்கும். ஆதாரில் தலைப்பெழுத்து முன்னால் வரும், பி.பி.ஓ.வில் பின்னால் வரும். மனைவி பி.பி.ஓ.வில் 'பாப்பா', ஆதாரில் 'பாப்பாத்தி'. சான்றிதழுக்குப் பெயர் கொடுக்கும்போது பி.பி.ஓ.வைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். மனைவியின் பெயரோ பிறந்த தேதியோ பி.பி.ஓ.வில் இல்லாவிட்டால், படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸ் (ஆவண அலுவலகம்) அதைத் திருத்தித் தர வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் அது நீலகிரி வெலிங்டனில். இது மாதக்கணக்கில் இழுக்கும். அவர் உயிரோடு இருக்கும்போதே சரிபார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஓய்வூதியம், பாதுகாப்புத் துறையின் இணையவழி ஓய்வூதியத் தளமான ஸ்பர்ஷ் வழியாக வருகிறதென்றால், அந்தத் தளத்தில் இறப்பைப் பதிய வேண்டும். கணினி பழக்கமில்லாதவர்கள் ஸ்பர்ஷ் சேவை மையத்தில் செய்யலாம். இறப்புச் சான்றிதழ், பி.பி.ஓ., மனைவியின் ஆதார், பான், வங்கிப் புத்தகம், புகைப்படம் தேவை. இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்கு இருந்தால் புதுக் கணக்கு தேவைப்படாது. இறந்தபின் வரவான ஓய்வூதியத்தை ஏ.டி.எம்.மில் எடுக்காதீர்கள். அது திரும்பப் பிடிக்கப்படும். குடும்ப ஓய்வூதியம் தொடங்கும் நேரத்தில் பிடித்தம் வந்தால் கைக்கு வருவது மிகக் குறைவு. இறந்த நாள் வரை அவருக்குச் சேரவேண்டிய பாக்கியை வாரிசுக்குத் தனியே கேட்டு வாங்கலாம்.

குடும்ப ஓய்வூதியத் தொகையைப் பற்றித் தவறான எதிர்பார்ப்பு நிறைய உண்டு. கடைசி ஊதியத்தில் 50 விழுக்காடு என்ற உயர்ந்த விகிதம், அவர் ஓய்வுக்குப் பின் இறந்திருந்தால் இறந்த நாளிலிருந்து 7 ஆண்டுகள் அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள் வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரைதான். 75 வயதில் இறந்தவரின் மனைவிக்குக் கிடைப்பது 30 விழுக்காடு. குறைந்தபட்சம் 9,000 ரூபாய், அதோடு அகவிலை நிவாரணம். மனைவிக்கு 80 வயதானால் அடிப்படையில் 20 விழுக்காடு கூடும். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, 100-இல் 100. பதிவில் மனைவியின் பிறந்த தேதி இல்லையென்றால் இந்த உயர்வு நின்றுபோகும், யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள். ஆண்டுதோறும் வாழ்நாள் சான்றும் கொடுக்க வேண்டும்.

இ.சி.எச்.எஸ். எனப்படும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் வசதி, குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவிக்குத் தொடரும். இறந்தவரின் அட்டையை ஒப்படைத்துத் தன் விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும். நல அலுவலகத்தில் விதவை அடையாள அட்டையையும் வாங்கிக்கொள்ளுங்கள், உதவித் தொகைகள் அனைத்துக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

ஓய்வூதியமே இல்லாமல் விலகியவரின் குடும்பம் இதையெல்லாம் படித்து நமக்கில்லை என்று விட்டுவிட வேண்டாம். ஹவில்தார் பதவி வரை இருந்தவரின், 65 வயது கடந்த, வருமானமற்ற விதவைக்கு மத்திய படைவீரர் வாரியத்தின் வறுமை நிவாரணம் உண்டு. மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ரூபாய். விண்ணப்பம் மாவட்ட நல அலுவலகம் வழியாகத்தான் போகும்.