பாரமான ஸ்ரியரிங் எல்லாம் நல்ல ஸ்ரியரிங் அல்ல

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மாலையில், 2012ஆம் ஆண்டு யப்பானில் தயாரான சுசுகி ஸ்விப்ற் ஸ்போட் காரொன்றை எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்த இளைஞர், பின் ஆசனத்தில் இருந்த பெட்டியைக் காட்டி, "அண்ணை, உந்தச் சின்ன ஸ்ரியரிங்கைப் பூட்டி விடுங்கோ. இப்ப இருக்கிறதில றோட்டே கைக்குத் தெரியேல்லை" என்றார். குறையை அவர் சரியாகவே சொன்னார். மருந்தைத்தான் பிழையாகத் தெரிவுசெய்திருந்தார். சிறிய வளையத்தைப் பூட்டினால் திருப்புவதற்குக் கூடுதல் பலம் வேண்டியிருக்கும், அதைப் பலர் 'உணர்வு' என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் வீதியைப் பற்றிய புதிய செய்தி எதுவும் அதனால் கைக்கு வந்து சேர்வதில்லை. கூடவே, வளையத்தின் நடுவில் இருக்கும் எயர்பேக்கும் கழன்று போகிறது.

ஸ்ரியரிங்கின் பாரம் வேறு, அது தரும் உணர்வு வேறு. கார் வளைவில் திரும்பும்போது முன் ரயரின் அடிப்பகுதி சற்று முறுகி, தரையோடு ஒட்டியிருக்கும் பரப்பின் நடுவுக்குச் சிறிது பின்னால் பக்கவிசை தாக்குவதால், சில்லு தானாகவே நேராகத் திரும்ப முனைகிறது. அந்த முனைப்பே ரை ரொட் (சில்லைத் தள்ளித் திருப்பும் கம்பி), றாக் (அக்கம்பியை நகர்த்தும் பற்சட்டம்), ஸ்ரியரிங் தண்டு ஆகியவற்றின் வழியே உள்ளங்கையை அடைகிறது. இதில் கவனிக்கவேண்டிய விடயம் என்னவென்றால், ரயர் தன் பிடியை முற்றாக இழப்பதற்குச் சற்று முன்னரே இந்த விசை குறையத் தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த வீதியில் வளைவொன்றின் நடுவே ஸ்ரியரிங் திடீரென்று இலேசாவதை உணரும் சாரதி, கார் வழுக்குவதற்கு முன்னரே வேகத்தைத் தணித்துக்கொள்வார். ஆகவே இதனை வேகப்பிரியர்களின் ஆடம்பரமாக நான் ஒருபோதும் கருதுவதில்லை.

மின்மோட்டாரால் உதவும் ஸ்ரியரிங்கை 1988இல் தன் சேர்வோ என்ற சிறிய காரில் முதன்முதலாகப் பொருத்தியது சுசுகி நிறுவனமே; இன்று ஏறத்தாழ எல்லாப் புதிய கார்களிலும் அதுதான் இருக்கிறது. உணர்வு இல்லையென்றால் எல்லோரும் அந்த மோட்டாரையே குறை சொல்கிறார்கள். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. எனினும் என் மேடையில் ஏறும் கார்களில் பெரும்பாலானவை, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது கொண்டிருந்த உணர்வையே இழந்து நிற்பவை. 2020 பங்குனி தொடக்கம் 2025 வரை இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால் எங்களிடம் ஓடும் கார்களின் வயது ஏறிக்கொண்டே போனது; யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்குத் தினமும் போய்வரும் கார்களுக்கு அந்த வயதோடு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது.

அந்த இளைஞரின் காரில் முதலில் பார்த்தது காற்றை. நான்கு சில்லுகளிலும் 40 பிஎஸ்ஐ இருந்தது. காற்று கூடினால் ஸ்ரியரிங் இலேசாகும் என்று யாரோ சொன்னார்களாம். இலேசாகும்தான், ஆனால் ரயர் தரையில் பதியும் பரப்புக் குறைந்து, சிறு குழிக்கும் கார் துள்ளத் தொடங்கும். சாரதியின் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் அளவு உள்ளது. யப்பானியக் கார்களில் அது பெரும்பாலும் கிலோபஸ்கலில் இருப்பதால் பலர் அதை வாசிப்பதில்லை. 220 என்றிருந்தால் ஏறத்தாழ 32 பிஎஸ்ஐ. ரயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களையும் பாருங்கள்: 1417 எனின் அது 2017ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ரயரின் பூ, அதாவது தரையில் பதியும் வரிகள், நன்றாக இருந்தாலும் இறுகிப்போன ரப்பர் எதையும் பேசாது.

பிறகு, முன் சில்லுகள் தரையில் நிற்க, உதவியாளரை ஸ்ரியரிங்கை மெதுவாகத் திருப்பச் சொல்லிவிட்டு, ஷொக் அப்சோபரின் சுருளில் வெளிப்புறமாக உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சீராகத் திரும்பவேண்டிய சுருள், முறுகி நின்று "டங்" என்று விடுபட்டது. மேலேயுள்ள பெயாரிங் துருவேறி இறுகியிருந்தது என்பதே அதன் பொருள். இந்த இறுக்கம் ரயரிலிருந்து வரும் மெல்லிய விசைகளை வழியிலேயே விழுங்கிவிடும். திருப்பிய ஸ்ரியரிங் நடுவுக்குத் திரும்பாமல் சோம்பி நிற்கும்.

சில்லைக் காரின் உடலோடு இணைக்கும் லோவர் ஆமின் பின் புஷ்ஷும், அதாவது அதன் ரப்பர் மூட்டும், வெடித்திருந்தது. இந்த இடத்தில் என்னுடைய பழைய பிழையொன்றையும் சொல்லவேண்டும். தொழில் தொடங்கிய காலத்தில், காரை உயர்த்திச் சில்லுகள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புது ரப்பர் புஷ்ஷின் போல்ற்றை முழுதாக இறுக்கிவிடுவேன். கார் தரையில் இறங்கியதும் அந்த ரப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையில் வேலைசெய்யத் தொடங்கி, சில மாதங்களிலேயே கிழிந்துவிடும். நானோ, பாகம் தரமில்லை என்று கடைக்காரருடன் சண்டை பிடித்திருக்கிறேன். காரின் பாரம் சில்லுகளில் இறங்கிய பின்னரே கடைசி இறுக்கு. உங்கள் மெக்கானிக்கிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

சில்லுகளின் கோணங்களை அளந்து சரிசெய்யும் வீல் எலைன்மென்ட் இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான். ஆடும் புஷ்ஷை வைத்துக்கொண்டு எடுத்த அளவு, கார் வாசலைத் தாண்டும்போதே மாறிவிடும். தாளில் எல்லாம் பச்சை நிறத்தில் இருப்பது அதற்கு ஆறுதல் அல்ல. இத்தகைய கார்கள் பலவற்றில் முன்பக்கம் சரிசெய்யக்கூடியது 'ரோ' மட்டுமே, அதாவது இரு சில்லுகளின் முன்விளிம்புகளுக்கும் பின்விளிம்புகளுக்கும் இடையிலான இடைவெளியின் வேறுபாடு. முன்விளிம்புகள் சற்று வெளியே விரிந்திருந்தால் திருப்பியவுடன் கார் சட்டென்று பாயும், ஆனால் நேர் வீதியில் அலையும். நாள்தோறும் ஓடும் காருக்கு நிறுவனம் சொன்ன அளவே போதும் என்பது என் முடிவு. 'காஸ்ரர்', அதாவது பக்கவாட்டில் பார்க்கும்போது சில்லு திரும்பும் அச்சின் சாய்வு, இடப்புறமும் வலப்புறமும் அரைப் பாகைக்கு மேல் வேறுபட்டிருந்தால், ஏதோவொரு குழியில் லோவர் ஆம் வளைந்திருக்கிறதா என்று தேடவேண்டும்.

அகன்ற ரிம், ஸ்பேசர் (சில்லை வெளியே தள்ளும் தகடு), காரைத் தாழ்த்தும் சுருள் ஆகியவற்றைப் பற்றிச் சுருக்கமாக: சில்லு வெளியே தள்ளப்படும்போது ஸ்ரியரிங் ஒவ்வொரு குழியிலும் கையைப் பிடித்து இழுக்கும், அந்த இழுவையும் உணர்வு அல்ல. கார் தாழும்போது ரை ரொட்டின் சரிவு மாறி, மேடு பள்ளத்தில் தானாகவே திரும்பப் பார்க்கும்.

வேலை முடிந்த பின் இளைஞரையே ஓட்டவிட்டு, நாவற்குழியால் திரும்பிச் சங்குப்பிட்டிப் பாலம் வரை போனோம். கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும் அந்த நேர் வீதியில் முதலில் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தவர், சற்று நேரத்தில் விரல்களைத் தளர்த்தினார். பாலத்தின் இணைப்புகளைக் கடக்கும்போது, "அண்ணை, இது முந்தித் தெரியேல்லை" என்றார். பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று வரும் வழியில் கேட்டார்.