ஃபார்மேட் போடாமலே விண்டோஸ் எப்படிச் சரியாகிறது?

கணினி தகராறு செய்தால் பலரும் சொல்லும் முதல் வைத்தியம், "ஃபார்மேட் போட்டுடலாம்." பல நேரம் அதற்கு அவசியமே இல்லை. சி டிரைவைத் திறந்து பாருங்கள். விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ், யூசர்ஸ் என்று தனித்தனி ஃபோல்டர்கள் இருக்கும். உங்கள் படங்களும் ஆவணங்களும் யூசர்ஸுக்குள். கெட்டுப்போவது பெரும்பாலும் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஏதோ ஒன்று. அதை மட்டும் மாற்ற வழியிருந்தால் மற்றதை ஏன் தொட வேண்டும்?

வழி இருக்கிறது. ஆனால் செட்டிங்ஸ் விஷயத்தில்தான் குழப்பம். விண்டோஸ் அவற்றை ரெஜிஸ்ட்ரி என்ற தன் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறது. உங்கள் விருப்பங்கள் யூசர்ஸுக்குள் என்டியூசர்.டேட் என்ற மறைகோப்பில் இருக்கின்றன. கணினி முழுவதற்குமான விவரங்களோ விண்டோஸ் ஃபோல்டரில் உள்ள சிஸ்டம்32-க்குள் இருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரில். எந்த மென்பொருள் நிறுவப்பட்டிருக்கிறது, எந்தச் சாதனத்தை எந்த டிரைவர் மென்பொருள் இயக்குகிறது என்பதெல்லாம் இங்கேதான். ஆக, விண்டோஸ் ஃபோல்டரை அப்படியே தூக்கிவிட்டால் மென்பொருளின் கோப்புகள் டிஸ்க்கில் இருந்தும் பயனில்லை. அப்படி ஒன்று இருப்பதே புது விண்டோஸுக்குத் தெரியாது.

முதலில் சின்ன வைத்தியம். 2007-ல் கடைக்கு வந்த விஸ்டா முதல், விண்டோஸ் தன் உறுப்புகளை வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற கிடங்கில் வைத்திருக்கிறது. எஸ்எஃப்சி கட்டளையைக் கொடுத்தால் ஒவ்வொரு சிஸ்டம் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) சரிபார்த்து, பொருந்தாததற்குப் பதிலாகக் கிடங்கிலிருந்து நல்லதை எடுத்து வைக்கும்.

இங்கே ஒரு சூட்சுமம். சிஸ்டம்32-ல் நாம் பார்க்கும் கோப்புகளில் பெரும்பாலானவை தனிப் பிரதிகள் அல்ல, ஹார்டு லிங்க்குகள். டிஸ்க்கில் தரவு ஒன்றுதான். சிஸ்டம்32-ல் ஒரு பெயர், கிடங்கில் ஒரு பெயர். இடம் மிச்சம். (வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் பூதாகரமாகத் தெரிவதற்கும் இதுவே ஒரு காரணம், ஒரே தரவு இரண்டு இடத்திலும் எண்ணப்படுகிறது. பயந்துபோய் அதை அழித்துவிடாதீர்கள்.) ஆனால் டிஸ்க்கில் அந்தத் தரவே பழுதானால் இரண்டு பெயரும் சேர்ந்து கெட்டுவிடும். அப்போது எஸ்எஃப்சி, பிழை இருக்கிறது, சரிசெய்ய முடியவில்லை என்று கைவிரிக்கும். அதனால்தான் டிஸ்ம் என்ற இன்னொரு கட்டளையின் ரெஸ்டோர்ஹெல்த்தை முதலில் ஓட்டச் சொல்கிறார்கள். அது விண்டோஸ் அப்டேட்டிலிருந்து நல்ல கோப்புகளை இறக்கிக் கிடங்கையே சரிசெய்யும். அப்புறம் எஸ்எஃப்சி.

அதற்கும் மசியவில்லை என்றால் பெரிய வைத்தியம், இருக்கும் விண்டோஸின் மேலேயே மறுபடி நிறுவுவது. விண்டோஸின் நிறுவல் வட்டு முழுவதையும் அடக்கிய மைக்ரோசாஃப்டின் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே அதன் செட்டப்பைத் தொடங்க வேண்டும். பென்டிரைவிலிருந்து பூட் செய்தால் இந்த வசதி கிடைக்காது, ஏனென்றால் உயிரோடிருக்கும் சிஸ்டத்தைப் படித்துத்தான் எதை எடுத்துச் செல்வது என்று செட்டப் முடிவு செய்கிறது. "கோப்புகளையும் ஆப்களையும் வைத்துக்கொள்" என்ற தேர்வு மங்கிக் கிடந்தால், ஐஎஸ்ஓவின் மொழியோ பதிப்போ (ஹோம், ப்ரோ போன்றவை) பொருந்தவில்லையா, பழைய வெர்ஷனாக இருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கவனிக்காமல் அடுத்து, அடுத்து என்று அழுத்திக்கொண்டே போனால் ஆப்கள் அம்போ.

ஓடும் விண்டோஸ் தன் காலடியிலிருக்கும் கோப்புகளைத் தானே மாற்றிக்கொள்ள முடியாது, அவை திறந்திருக்கின்றன. எனவே செட்டப் புது விண்டோஸை ஒரு மறைஃபோல்டரில் தயார் செய்துவிட்டு, கணினியை மறுபடி தொடங்கி ஒரு குட்டி விண்டோஸுக்குள் நுழைகிறது. அங்கிருந்து பழையதை விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டருக்குத் தள்ளி, புதியதை அதன் இடத்தில் வைக்கிறது. உங்கள் 300 ஜிபி கோப்புகள் காப்பி ஆவதில்லை. ஒரே டிஸ்க் பகுதிக்குள் நகர்த்தும்போது தரவு இருந்த இடத்திலேயே இருக்க, கோப்பு முறைமையின் பதிவில் அதன் முகவரி மட்டும் மாறுகிறது. கதவு எண்ணை மாற்றி எழுதுவதற்கு வீட்டுச் சாமானைத் தூக்க வேண்டியதில்லையே!

ரெஜிஸ்ட்ரி மட்டும் அப்படி நகர்வதில்லை. எந்தப் பகுதியை எடுத்துச் செல்வது, எதைப் புதிதாக உருவாக்குவது என்பதற்கு விண்டோஸின் ஒவ்வொரு உறுப்பும் தன் விதிகளை வைத்திருக்கிறது. செட்டப் அவற்றைப் பார்த்துப் பொறுக்கி எடுக்கிறது. பழுதான சிஸ்டம் அமைப்புகள் பல சரியாவது இப்படித்தான். இதே காரணத்தால் சில சில்லறை செட்டிங்ஸ் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடுவதும் உண்டு. தகராறு பிடித்த ஒரு மென்பொருள்தான் குற்றவாளி என்றால், அதுவும் பத்திரமாகக் கூடவே வந்து சேரும்! வைரஸ் புகுந்த கணினிக்கு இந்த முறையை நான் சொல்லவே மாட்டேன்.

விண்டோஸிலேயே இருக்கும் "ரீசெட் திஸ் பிசி"யில் கோப்புகளை வைத்துக்கொள்ளலாம் என்பதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது படங்களையும் ஆவணங்களையும் விட்டுவைக்கும். நீங்கள் நிறுவிய மென்பொருள்களை நீக்கிவிட்டு, அவற்றின் பட்டியலை மட்டும் டெஸ்க்டாப்பில் வைத்துப் போகும்.

மேக்கில் இந்தத் தலைவலி குறைவு. 2019-ல் மேக்ஓஎஸ்ஸின் கேட்டலினா வெர்ஷன் சிஸ்டத்தைப் படிக்க மட்டுமே முடிகிற தனி வால்யூமுக்கு (டிஸ்க்கின் ஒரு பகுதி) மாற்றியது. அடுத்த ஆண்டு வந்த பிக் சர் வெர்ஷன் அதற்கு டிஜிட்டல் முத்திரையும் வைத்தது. லினக்ஸில் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் பகுதியைத் தனிப் பார்டிஷனில் வைத்திருப்பவர்கள் சிஸ்டத்தை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள்.

தொடங்கும் முன் சில வேலைகள். முக்கியமான கோப்புகளுக்கு வெளியே ஒரு பிரதி எடுங்கள். டிஸ்க்கே சாகக் கிடந்தால் எந்த ரிப்பேரும் உதவாது, அந்த நேரத்தில் டிஸ்க்கில் தரவை எழுதும் வேலை அதன் கதையை முடித்தும் விடலாம். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கினால் அதன் 48 இலக்க மீட்பு எண் கையில் இருக்கட்டும். சி டிரைவில் 20 ஜிபியாவது காலி வையுங்கள். முடிந்ததும் விண்டோஸ்.ஓல்டை உடனே அழிக்காதீர்கள். புதியது ஒத்துவரவில்லை என்றால் வழக்கமாக 10 நாள்வரை அதை வைத்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம். அதன்பின் விண்டோஸே அதைத் துடைத்துவிடும்.