பாக்கெட்டில் 400 மடங்கு, வயலில் எவ்வளவு?

டயப்பருக்குள் இருக்கும் வெள்ளைத் தூளின் பெயர் சோடியம் பாலிஅக்ரிலேட். தன் எடையைப்போல் 400 மடங்கு நீரைக் குடிக்கும் என்று பாக்கெட்டில் போட்டு, இந்த வகைத் தூளை வயலில் ஈரம் காக்கவும் விற்கிறார்கள். 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் அரை கிராம் தூளைத் தூவிக் கிளறினால், சில நிமிடங்களில் டம்ளரைக் கவிழ்த்தாலும் விழாத கூழாகிவிடும். அந்தக் கூழில் ஒரு தேக்கரண்டி சமையல் உப்பைப் போட்டுக் கிளறுங்கள். கூழ் இளகும், குடித்த நீர் பிரிந்து வெளியே வரும்.

தூளின் நீண்ட சங்கிலிகளில் எதிர்மின் சுமை இருக்கிறது. அதனால் நேர்மின் சுமை கொண்ட சோடியம் அணுக்கள், அதாவது சோடியம் அயனிகள், அவற்றைவிட்டு ஓட முடியாமல் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கின்றன. உள்ளே அயனி அதிகம், வெளியே குறைவு. அதைச் சமன் செய்யத்தான் நீர் உள்ளே பாய்கிறது. சங்கிலிகளுக்கு இடையே போட்ட குறுக்கு முடிச்சுகள் இழுத்துப் பிடிக்கும் இடத்தில் உப்பல் நின்றுவிடும். வெளிநீரிலும் உப்பு இருந்தால் இந்த வேறுபாடே சுருங்கிப்போகும். தூய நீரில் 300 மடங்குக்கு மேல் குடிக்கும் தூள், 0.9 சதவீத உப்புநீரில் 30 முதல் 60 மடங்குதான் குடிக்கும்.

கால்சியம் இதைவிடப் பொல்லாதது. அதன் இரட்டைச் சுமை இரண்டு சங்கிலிகளைச் சேர்த்துக் கட்டிப் புது முடிச்சு போட்டுவிடுகிறது. சமையல் உப்பால் சுருங்கிய கூழ் நல்ல நீரில் அலசினால் மீண்டும் உப்பும். கால்சியத்தால் சுருங்கியது அப்படி எளிதில் மீளாது. அமிலமும் சுமையைப் போக்கிச் சுருக்கும்.

தூளைக் குவித்து வைத்து மேலே நீர் ஊற்றக் கூடாது. மேல்பகுதி உப்பி வழியை அடைத்துவிடும், உள்ளே உலர்ந்த தூள் கட்டி தட்டி நிற்கும். உப்புமாவுக்கு ரவை போடுவதுபோல் கிளறியபடியே தூவ வேண்டும்.

போர்வெல் தண்ணீரில் உப்பும் கால்சியமும் கலந்திருக்கலாம் என்பதால், விவசாயத்துக்கு வாங்குபவர்கள் தங்கள் போர்வெல் தண்ணீரிலேயே சோதிப்பது நல்லது. நீர் புகும் பெரிய நைலான் வலைப்பையில் 0.2 கிராம் தூளைப் போட்டு 30 நிமிடம் ஊறவிடுங்கள். 10 நிமிடம் தொங்கவிட்டு எடை போடுங்கள். நனைந்த வெறும் பையின் எடையையும் தூளின் எடையையும் கழித்து, மீதியை 0.2ஆல் வகுத்தால் எத்தனை மடங்கு என்று தெரியும்.

ஏக்கருக்கு 2 கிலோ போட்டு, 400 மடங்கே குடித்தாலும் தேங்குவது 800 லிட்டர். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை என்பதே சுமார் 4,000 லிட்டர்! ஆகவே வயல் முழுக்க வீசினால் பயன் தெரியாது. விதைக்கும் சாலில், வேர் தொடும் ஆழத்தில் போட வேண்டும்.