கட்-ஆஃப் நூற்றுக்குக் கீழே என்றாலும் கவுன்சலிங்கை விட்டுவிடாதீர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே எங்கள் ஊர்ப் பக்கம் பைக்கில் பொறியியல் கல்லூரித் தரகர்கள் இரண்டு பேர் வந்து இறங்கிவிடுவார்கள். யார் வீட்டுப் பிள்ளை எவ்வளவு மார்க், அப்பாவின் போன் நம்பர் என்ன, எல்லாம் கையில் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து, "மார்க் கம்மியாத்தான் இருக்கு. கவுன்சலிங்ல இதுக்கெல்லாம் சீட் வராதுங்க. நாங்க வாங்கித் தர்றோம், ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் குடுங்க" என்பார்கள்.

திருத்துறைப்பூண்டி அருகே நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகும் ஒருவர் அப்படிக் கொடுத்துவிட்டார். பையனின் கணக்கு 46, இயற்பியல் 48, வேதியியல் 52. கட்-ஆஃப் 200க்கு 96. மேற்கே ஒரு கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது கல்லூரியே நேரடியாக நிரப்பும் இடத்தில், சேர்த்துவிட்டார்கள். வீட்டில் முதல் பட்டதாரியாக வேண்டிய பிள்ளை, அதற்கான கட்டணச் சலுகை போயிற்று. பேருந்து, விடுதி, 'இதர கட்டணம்' என்று முதல் வருஷமே நகை அடகுக்குப் போனது. அதே கல்லூரியில் அதே பாடப்பிரிவில் அந்த ஆண்டு கவுன்சலிங் முடிந்த பிறகும் இடம் காலியாகவே கிடந்தது. இதை அவரிடம் நான் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த ஒரு வீட்டுக்காக மட்டும் இல்லை, ஒவ்வொரு வருஷமும் இதே கதையைக் கேட்பதால்தான் இதை எழுதுகிறேன்.

விதி சின்னது. தமிழ்நாட்டில் பி.இ. சேர நுழைவுத்தேர்வு கிடையாது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆன்லைனில் கவுன்சலிங் நடத்துகிறது. கணக்கு மார்க் முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதியாகக் கூட்டினால் 200க்குக் கட்-ஆஃப். சிறுபான்மையினர் அல்லாத தனியார் கல்லூரிகள் 65 சதவீத இடத்தை இதற்குக் கொடுத்தாக வேண்டும்.

முதலில் தகுதி. 'கட்-ஆஃப் 90 இல்லை, விண்ணப்பிக்கவே முடியாது' என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம், இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். தவறு. தகுதிக்குக் கட்-ஆஃபைப் பார்ப்பதில்லை, மூன்று பாடங்களின் சராசரியைத்தான் பார்க்கிறார்கள். பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் எல்லோருக்கும் 40 சதவீதம். அதாவது 300க்கு 135 அல்லது 120. கணக்கில் 35, மற்ற இரண்டிலும் 43 எடுத்த பிள்ளைக்கு மொத்தம் 121. கட்-ஆஃப் 78தான் வரும். ஆனாலும் இடஒதுக்கீட்டுப் பிரிவில் அந்தப் பிள்ளை தகுதியானவர். பேப்பரை எடுத்து நீங்களே கூட்டிப் பாருங்கள். பாடத்தில் தவறியவர்கள் துணைத் தேர்வு எழுதித் தேறினால் கடைசியில் துணைக் கலந்தாய்வும் உண்டு.

அடுத்தது முதல் பட்டதாரி சான்று. அப்பா, அம்மா, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, அண்ணன், அக்கா யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. கவுன்சலிங் வழியாக வந்தால்தான் இந்தச் சலுகை. நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும் கிடையாது. இதை எந்தத் தரகரும் வாய்திறந்து சொல்லமாட்டார்.

சான்று வாங்குவதில்தான் அலைச்சல். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ.விடம் போகும், அப்புறம் வருவாய் ஆய்வாளர் ஆர்.ஐ., அப்புறம் மண்டலத் துணை வட்டாட்சியர். டெல்டாவில் மே, ஜூன் என்றால் ஜமாபந்தி, கிராமக் கணக்குகளை வருஷத்துக்கு ஒருமுறை தணிக்கை செய்யும் வேலை. அது முடிவதற்குள் மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்கிவிடும். அடங்கல் என்ற பயிர்ச் சான்றுக்கு நிற்கும் விவசாயிகள் கூட்டத்தில் உங்கள் விண்ணப்பம் கிடப்பில் கிடக்கும். வி.ஏ.ஓ.வுக்கு இரண்டு கிராமம் கூடுதல் பொறுப்பாக இருந்தால் ஆளைப் பிடிப்பதே பாடு. ஒரு பாட்டியின் டி.சி.யைக் கேட்டு ஒரு பெண்ணை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பாட்டிக்கு டி.சி. எங்கிருந்து வரும்? படிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்த உறுதிமொழியைக் கொடுத்து, விண்ணப்ப எண்ணைச் சொல்லி, 'எந்த விதிப்படி திருப்புகிறீர்கள், எழுதிக் கொடுங்கள்' என்று தன்மையாகக் கேளுங்கள். நாலாவது தடவை அந்தப் பெண் அப்படிக் கேட்டாள், அன்று சாயங்காலமே சான்று வந்தது. தேர்வு முடிந்த ஏப்ரலிலேயே பதிந்துவிட்டால் இந்தப் பாடே இல்லை. பதியும்போது ரேஷன் கார்டு, ஆதார், சாதிச் சான்று, டி.சி. நான்கிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் அதையே காரணமாக வைத்து நிறுத்திவிடுவார்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு பெரிய வாய்ப்பு. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே கட்டுகிறது. ஆனால் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கும்பகோணம், மன்னார்குடி, தஞ்சாவூர்ப் பக்கம் அரசு நிதியுதவி பெறும் பழைய தனியார் பள்ளிகள் ஏராளம். சத்துணவு உண்டு, சைக்கிள் கொடுத்தார்கள், புத்தகம் இலவசம், அதனால் அரசுப் பள்ளிதான் என்று பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். நிதியுதவிப் பள்ளி இதில் வராது. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி வரும். எட்டாவது வரை அங்கேயும் பிறகு மேல்நிலைப் பள்ளியிலும் படித்திருந்தால் இரண்டு தலைமையாசிரியர்களிடமும் படிப்புச் சான்று வாங்கி வையுங்கள். இன்னொன்று: 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் எடுத்தால்தான் கட்டணம் இல்லை. தகுதி இருந்தும் பொதுப் பட்டியலில் எடுத்துவிட்டால் அந்தச் சலுகை வராது.

காரைக்கால் எல்லையை ஒட்டி இருப்பவர்களுக்கு ஒரு சொல். வீடு நாகை மாவட்டத்திலோ மயிலாடுதுறை மாவட்டத்திலோ இருக்கும், பிள்ளை காரைக்காலில் படித்திருப்பான். அது புதுச்சேரி. 8 முதல் 12 வரை ஏதாவது ஒரு வகுப்பை அங்கே படித்திருந்தாலும் இருப்பிடச் சான்று கேட்பார்கள். விண்ணப்பிக்கும் முன்பே வாங்கி வையுங்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. இதுவும் நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. ஸ்கூலில் ஏழாவதில் தொடங்கிய கணக்கு உறங்கிப் போயிருக்கும், ஆதார் இணைந்திருக்காது. கல்லூரி திறக்கும் முன் வங்கிக்குப் போய்ச் சரிபண்ணுங்கள்.

பதிவு செய்யும்போது பிரவுசிங் சென்டர்காரர் தன் போன் நம்பரையும் மெயிலையும் போட்டுவிடுவார். சீட் ஒதுக்கியதற்கு உறுதி சொல்ல இரண்டே நாள்தான் இருக்கும். ஓ.டி.பி. அவருக்குப் போய், அவர் கல்யாணத்துக்குப் போயிருந்தால் உங்கள் இடம் போய்விடும். வீட்டு நம்பர்தான் போட வேண்டும், கடவுச்சொல்லை நோட்டில் எழுதி வையுங்கள், தரகருக்குச் சொல்லாதீர்கள். கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்குக் கவுன்சலிங்குக்கென்றே அரசின் சேவை மையங்கள் இருக்கின்றன, அங்கே காசு கேட்கமாட்டார்கள்.

எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு வேண்டும் என்று வரிசையாகக் கொடுக்கும் விருப்பப் பட்டியலுக்கு வரம்பே கிடையாது. குறைந்த மார்க் பிள்ளைகள் பெரும்பாலும் கவுன்சலிங்கின் கடைசிச் சுற்றில் வருவார்கள். பத்துக் கல்லூரி மட்டும் போட்டுவிட்டு 'ஒதுக்கீடு இல்லை' என்று வந்ததும் அழுவார்கள், அன்று சாயங்காலமே தரகர் வந்துவிடுவார். எண்பது, நூறு போடுங்கள். வரிசைதான் முக்கியம். உறுதி சொல்லும்போது மேலே உள்ளது கிடைத்தால் மாறுவேன் என்று கொடுத்தால், அது கிடைத்ததும் பழைய இடம் தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. பிடிக்காத கல்லூரியை மேலே எழுதாதீர்கள். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் உண்டு. நான்கு இலக்கக் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள்.

எதைப் போடுவது? கவுன்சலிங் இணையதளத்தில் போன வருஷம் ஒவ்வொரு கல்லூரியிலும் பாடப்பிரிவு வாரியாக, சமூக வாரியாகக் கடைசியாக எந்தக் கட்-ஆஃபுக்கு இடம் போனது என்று இருக்கிறது. செங்கிப்பட்டி அரசு பொறியியல் கல்லூரி, திருக்குவளையிலும் ராஜாமடத்திலும் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள் இவற்றை முதலில் பாருங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டு சிவில், மெக்கானிக்கல் வரிசையைப் பாருங்கள். நமக்கெங்கே கிடைக்கும் என்று பார்க்காமலே தாண்டிப் போகாதீர்கள்.

தனியார் என்றால், அண்ணா பல்கலைக்கழகம் பருவத்துக்குப் பருவம் கல்லூரி வாரியாகத் தேர்ச்சி விகிதம் வெளியிடுகிறது. நூற்றுக்கு இருபது பேர்கூடத் தேறாத கல்லூரிகள் அதில் கண்ணில் படும். கணக்கில் தடுமாறும் பிள்ளை அங்கே போனால் முதல் பருவக் கணக்குத் தாளே நாலு வருஷம் அரியராகக் கூடவே வரும். 2024 ஜூலையில் ஒரே ஆசிரியர் பெயரைப் பல கல்லூரிகள் தங்கள் ஆசிரியராகக் கணக்குக் காட்டியதை அறப்போர் இயக்கம் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பு வெளிக்கொண்டு வந்தது. அதனால் வேலைநாளில் நேரில் போங்கள். அலுவலகத்தில் காபி கொடுத்து வண்ணப் புத்தகம் காட்டுவார்கள், அதைவிட்டு வாசல் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் இரண்டாம் வருஷப் பிள்ளையிடம் கேளுங்கள்: "கணக்குக்கு யார் வர்றாங்க தம்பி? போன செமஸ்டர்ல எத்தனை சார் மாறினாங்க?" உண்மை அங்கேதான் வரும்.

கட்டணத்தையும் தெரிந்துகொண்டு போங்கள். 2017ல் கட்டணக் குழு கவுன்சலிங் இடத்துக்கு ஆண்டுக்கு 50,000, தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000, நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, அதிலும் தரச்சான்று பெற்றதற்கு 87,000 என்று நிர்ணயித்தது. நீங்கள் சேரும் ஆண்டில் குழு நிர்ணயித்திருப்பதற்கு மேல் யார் கேட்டாலும் ரசீது கேளுங்கள். நன்கொடை வாங்குவதை 1992லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள்.

கணக்கு உண்மையிலேயே வரவில்லை என்றால் அவசரப்படாதீர்கள். பிளஸ் டூ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். இரண்டு வருஷத்தில் டிப்ளமோ, அப்புறம் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை. ஒரு வருஷம் கூடும், ஆனால் கையில் தொழில் இருக்கும், வேலைக்குப் போய்விட்டுக்கூடப் படிக்கலாம். நாகப்பட்டினம் வலிவலம் தேசிகர் போன்ற நிதியுதவி பாலிடெக்னிக்குகளில் செலவும் தாங்கும்.

ஏற்கெனவே ஒரிஜினலைக் கொடுத்துவிட்டவர்கள் இப்போதே திருப்பிக் கேளுங்கள். சான்றிதழைப் பிடித்து வைக்கக் கல்லூரிக்கு அதிகாரம் இல்லை, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) விதி அது. வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1000 ரூபாய்க்கு மேல் பிடிக்கவும் கூடாது. வாயால் கேட்காமல் எழுதி, தேதி போட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு நகல் மாவட்ட ஆட்சியருக்கு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு எண் வாங்காமல் வெளியே வராதீர்கள்.