சஸ்பென்ஸ்: மர்மமா, அந்தரிப்பா?

"யாருன்னு சொல்லிடாதே, சஸ்பென்ஸ் போயிடும்." "பரிசு என்னன்னு இப்ப சொல்ல மாட்டேன், சஸ்பென்ஸ்!" தமிழில் அன்றாடம் காதில் விழும் பேச்சு இது. இரண்டிலும் சஸ்பென்ஸ் என்றால் மறைத்து வைத்த செய்தி. அதை உடைக்கலாம், கசியவிடலாம், கட்டிக் காப்பாற்றலாம். ஆக, ரகசியத்துக்கு இன்னொரு பெயர். "கடைசிவரை சஸ்பென்ஸ்" என்று மாத நாவல் அட்டைகளும் பட விளம்பரங்களும் போட்டுப் போட்டு இந்தப் பொருளைக் கெட்டிப்படுத்திவிட்டன.

இந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு "சஸ்பென்ஸ் மன்னர்" ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக்கின் படத்தைப் பார்க்க உட்கார்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். 'ரோப்' (1948) தொடங்கிச் சில நிமிடத்துக்குள் கொலை முடிந்துவிடுகிறது. கொன்றவர்கள் யார், பிணம் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, எல்லாம் நமக்குத் தெரியும். 'டயல் எம் ஃபார் மர்டர்' (1954) படத்தில் கணவன் தன் கொலைத் திட்டத்தைப் படிப்படியாக விளக்கியே சொல்லிவிடுகிறான். "எல்லாத்தையும் முதல்லயே சொல்லிட்டாரே, இதுல என்ன சஸ்பென்ஸ்?" என்று கேட்பவரைக் குறைசொல்ல முடியாது. கோளாறு சொல்லுக்கு நாம் கொடுத்துவைத்திருக்கும் பொருளில் இருக்கிறது.

சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. 'பெண்டெரே' என்றால் தொங்குதல். முன்னொட்டுச் சேர்ந்த 'சுஸ்பெண்டெரே' என்றால் தொங்கவிடுதல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது வழக்குமன்றத்தார் சொல்லாகத்தான் வந்தது. ஒரு வழக்கோ உரிமையோ தீர்க்கப்படாமல் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும் நிலை. அங்கிருந்துதான் முடிவு தெரியாமல் தவிக்கும் மனநிலைக்குப் பெயர்ந்தது.

இந்த வேரின் பங்காளிகள் பலர் தமிழ்நாட்டில் ஏற்கெனவே குடியேறிவிட்டார்கள். அலுவலகத்தில் 'சஸ்பெண்ட்', மெக்கானிக் கடையில் 'சஸ்பென்ஷன்', கோப்பு நகராவிட்டால் 'பெண்டிங்', சுவர்க்கடிகாரத்தில் 'பெண்டுலம்'. வணிகவியல் படித்தவர்களுக்கு 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' தெரிந்திருக்கும். இருப்பாய்வின் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாதபோது, பிழை பிடிபடும்வரை வித்தியாசத்தைப் போட்டுவைக்கும் கணக்கு. தமிழ்ப் பாடநூலில் அதற்குப் பெயர் அனாமத்துக் கணக்கு. அனாமத்து, அரபியின் 'அமானத்' நம்மிடம் வந்து திரிந்த வடிவம். நம்பி ஒப்படைத்த பொருள் என்பது மூலப் பொருள். இந்தப் பங்காளிகளில் ஒருவரிடமும் ரகசியம் என்ற பொருள் கிடையாது. ஒருவர் சஸ்பெண்ட் ஆனது ஊருக்கே தெரியும். திரும்ப வேலையில் சேர்ப்பார்களா என்பதுதான் தெரியாது. சொல்லின் உயிர் அந்த இரண்டாவது பாதியில் இருக்கிறது.

ஹிட்ச்காக் இதை விளக்கிய இடம் உலகப் பிரசித்தம். 1962இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ அவரை உட்காரவைத்து நாள்கணக்கில் எடுத்த நேர்காணல், 1966இல் பிரெஞ்சில் நூலாக வந்தது. அதில் அவர் சொல்லும் உதாரணம் இது: இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று மேசைக்கடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்கு 15 விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். இப்போது அதே காட்சியில் குண்டு வைத்ததை முன்கூட்டியே பார்வையாளருக்குக் காட்டிவிடுங்கள். ஒரு மணிக்கு வெடிக்கும், சுவரில் கடிகாரம், மணி பன்னிரண்டே முக்கால். அதே சப்பைப் பேச்சு இப்போது தாங்க முடியாததாகிவிடுகிறது. "பேசினது போதும், எழுந்து போங்கடா" என்று திரையைப் பார்த்துக் கத்தத் தோன்றுகிறது. 15 விநாடி, 15 நிமிடமாகிவிட்டது. ஆகவே, திருப்பமே கதையின் உச்சமாக இருக்கும் இடங்கள் தவிர மற்றபடி பார்வையாளரிடம் செய்தியைச் சொல்லிவிடவேண்டும் என்பது அவர் கட்சி. கொலைகாரன் யார் என்று கண்டுபிடிக்கும் கதைகள்மேல் அவருக்குப் பெரிய மதிப்பில்லை. அதில் மூளைக்கு வேலை உண்டு, உணர்ச்சிக்கு இடமில்லை என்பார்.

இதில் ஒரு கிளைவிதியும் உண்டு, அதை அவர் அடிபட்டுக் கற்றுக்கொண்டார். 'சபோடாஜ்' (1936) படத்தில் ஒரு சிறுவன், தன் கையிலிருக்கும் பொட்டலத்தில் குண்டு இருப்பது தெரியாமல் லண்டன் தெருக்களில் வேடிக்கை பார்த்துக்கொண்டே போகிறான். நமக்குத் தெரியும், நேரமும் தெரியும். பஸ்ஸில் ஏறுகிறான், பக்கத்தில் ஒரு நாய்க்குட்டி. குண்டு வெடித்துவிடுகிறது, பையன் செத்துப்போகிறான். பார்த்தவர்களுக்குக் கோபம் வந்தது. அதைச் செய்திருக்கக்கூடாது என்று ஹிட்ச்காக் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். தொங்கவிட்டவன் இறக்கியும் விடவேண்டும் என்பது கணக்கு. (எனக்கு அந்தக் காட்சியில் குறை தெரியவில்லை. ஆனால் விதியைச் செய்தவர் பேச்சைத் தட்ட முடியாது.)

சரி, தமிழில் என்ன சொல்வது? நம் அகராதிகளும் விமர்சகர்களும் கைக்கு வந்ததையெல்லாம் போட்டுப்பார்த்திருக்கிறார்கள்.

'மர்மம்' ஒத்துவராது. அது வடமொழியின் 'மர்மன்', உடலில் உயிர்நிலையான இடம். வர்மக்கலையின் வர்மமும் அதுதான். மறைவான இடம் என்பதிலிருந்து மறைந்த செய்தி என்றாயிற்று. கொலைகாரன் யார் என்ற கதைக்கு அது சரியான சொல். ஹிட்ச்காக்குக்கு நேர் எதிர்ச்சொல். 'திகில்' அச்சத்தைச் சொல்கிறது, பேய்ப்படத்துக்கு விட்டுவிடலாம். 'விறுவிறுப்பு' வேகத்தைச் சொல்கிறது, ஆனால் சஸ்பென்ஸ் காட்சிகள் பெரும்பாலும் மெதுவாகத்தான் நகரும். 'எதிர்பார்ப்பு' ரொம்ப சாது. தீபாவளிப் படத்துக்கும் எதிர்பார்ப்பு உண்டு. வேரைப் பிடித்து 'தொங்குநிலை' என்று ஆக்கினால் துணி காயப்போட்டது மாதிரி இருக்கிறது.

பொருத்தமான சொல் நம்மிடம் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது: அந்தரம். "அந்தரத்தில் விட்டுட்டுப் போயிட்டான்" என்கிறோம். மேலும் இல்லை, கீழும் இல்லை, நடுவில் தொங்கும் நிலை. இலங்கைத் தமிழில் இதே சொல் மனநிலையாகவும் இருக்கிறது. "அந்தரப்படாதை, பொறு" என்றால் பதறாதே, அவசரப்படாதே என்று பொருள். "ஒரு அந்தரம் ஆபத்தெண்டா" என்றால் அவசர வேளை. கதியற்று நிற்பதை அந்தரித்து நிற்பது என்பார்கள். தொங்கலும் பதற்றமும் கையறு நிலையும் ஒரே சொல்லுக்குள். இலத்தீன்காரனுக்குக்கூட இப்படி வாய்க்கவில்லை. ஆகவே இயக்குநர் செய்யும் வேலைக்கு அந்தரிப்பு என்று சொல்லலாம் என்பது என் முடிவு. அந்தரமும் வடசொல்தானே என்று முகம் சுளிப்பவர்களுக்கு, பார்ப்பவர் மனத்தில் நடப்பதைச் சொல்ல 'பதைபதைப்பு' இருக்கிறது, அசல் தமிழ். இன்னொருவருக்கு நேரப்போவதைக் கண்டு துடிப்பது என்ற சாயல் அதில் உண்டு, 'பயம்' என்பதில் அது இல்லை.

உத்தி நமக்குப் புதிதுமல்ல. சிலப்பதிகாரத்தின் பதிகத்திலேயே கோவலன் கொலையுண்டதும் மதுரை எரிந்ததும் சொல்லப்பட்டுவிடுகிறது. அதற்கப்புறம்தான் கொலைக்களக் காதையில் கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். வழியில் காளை மறிக்கிறது, அது தீநிமித்தம் என்று அவனுக்குத் தெரியாது. எதிரே பொற்கொல்லன். அரசியின் சிலம்பைத் திருடியவன் தானே என்றும், பழியை இந்தப் 'புலம்பெயர் புதுவன்' தலையில் போட்டுவிடலாம் என்றும் அவன் மனத்துக்குள் நினைப்பது நமக்குக் கேட்கிறது, கோவலனுக்குக் கேட்பதில்லை. மேசைக்கடியில் குண்டு வைத்தாயிற்று. சினிமாவில் வேண்டுமென்றால் 1964இல் வீணை எஸ். பாலசந்தர் எடுத்த 'பொம்மை' இருக்கிறது. வெடிகுண்டு வைத்த பொம்மை ஒன்று கைமாறிக் கைமாறி ஊரைச் சுற்றும்; நமக்கு மட்டும் தெரியும்.

பொருள் சரியாகிவிட்டால் ஹிட்ச்காக் படங்களின் தரவரிசையும் மாறிவிடும். மர்மத்தை வைத்து வரிசைப்படுத்துகிறவர்கள் 'சைக்கோ'வை (1960) உச்சத்தில் வைப்பார்கள். படம் தொடங்கியபின் யாரையும் அரங்குக்குள் விடக்கூடாது என்று ஹிட்ச்காக்கே விதி போட்டு, முடிவைச் சொல்லிவிடாதீர்கள் என்று விளம்பரமும் செய்தார். குளியலறைக் கொலை அதிர்ச்சி, அம்மா ரகசியம் மர்மம். அந்தரிப்பு என்று பார்த்தால் அந்தப் படத்தின் மிகச் சிறந்த இடம் வேறு. விடுதிக்காரன் நார்மன் பிணத்தைக் காருக்குள் வைத்துச் சதுப்பில் தள்ளுகிறான். கார் மூழ்குகிறது. பாதியில் நின்றுவிடுகிறது. "மூழ்கிடேன்" என்று நாமும் அவனோடு சேர்ந்து பதறுகிறோம். சற்றுமுன் செத்தவள்மேல் இருந்த இரக்கம் எங்கே போயிற்று? அந்த ஒரு காட்சிக்காக அதற்கு ஐந்தாம் இடம் தருவேன்.

நாலாம் இடம் 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெய்ன்' (1951). இங்கேயும் அதே திருட்டுத்தனம். ஒருபக்கம் நாயகன் டென்னிஸ் ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்கத் துடிக்கிறான். இன்னொருபக்கம் அவனை மாட்டிவிடப்போகும் வில்லன், சாக்கடைக்குள் விழுந்த சிகரெட் லைட்டரை விரல்நுனியால் எட்டிக்கொண்டிருக்கிறான். யாருக்காகப் பதறுவது என்று தெரியாமல் இரண்டு பேருக்காகவும் பதறுகிறோம்.

'வெர்டிகோ' (1958) மூன்றாவது. 'சைட் அண்ட் சவுண்ட்' இதழின் 2012 விமர்சகர் வாக்கெடுப்பில் உலகின் தலைசிறந்த படமாக வந்த படத்துக்கு மூன்றாம் இடமா என்று கேட்கலாம். சொல்லை வைத்துப் பார்த்தால் இது முதலிடத்துக்கே உரிமை கொண்டாடக்கூடிய படம்தான். நாயகன் ஸ்காட்டி கூரை விளிம்பின் தகரத்தைப் பிடித்துத் தொங்குவதில்தான் கதை தொடங்குகிறது. எப்படி இறங்கினான் என்று படம் சொல்வதேயில்லை. மூலமான பிரெஞ்சு நாவலில், பின்பாதியில் அவன் சந்திக்கும் பெண் (படத்தில் ஜூடி) உண்மையில் யார் என்பது கடைசியில்தான் தெரியும். ஹிட்ச்காக் அதை மூன்றில் இரண்டு பங்கு கடந்ததுமே நமக்குச் சொல்லிவிட்டார். உடனிருந்தவர்கள் எல்லாரும் எதிர்த்தார்கள் என்று அவரே த்ரூஃபோவிடம் சொல்லியிருக்கிறார். ரகசியம் போனபிறகு, இவனுக்குத் தெரியவந்தால் என்ன செய்வான் என்ற கேள்வி மட்டும் தொங்குகிறது. ஆனாலும் கடைசி அரைமணியில் எனக்கு வருவது பதைபதைப்பைவிட அவள்மேல் பரிதாபம். அதனால் இரண்டு படி இறக்கினேன்.

இரண்டாவது 'ரியர் விண்டோ' (1954). கால்கட்டோடு சக்கர நாற்காலியில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். எதிர்வீட்டுக்குள் தடயம் தேடப் புகுந்த கிரேஸ் கெல்லி. அந்த வீட்டுக்காரன் வழிநடையில் திரும்பி வந்துகொண்டிருக்கிறான். இரண்டையும் பார்க்க முடிகிறது, கத்த முடியாது, எழுந்து ஓட முடியாது. சினிமா பார்ப்பவனின் நிலையே அதுதான். அந்தரித்து நிற்பது என்பதற்கு இதைவிட நல்ல படம் எடுக்க முடியாது.

அப்படியானால் முதலிடம் எதற்கு? 'நொட்டோரியஸ்' (1946). பெரிய விருந்து, மாடி உயரத்திலிருந்து கேமரா ஒரே ஓட்டமாக இறங்கி இங்க்ரிட் பெர்க்மன் கைக்குள் இருக்கும் சாவியில் போய் நிற்கிறது. அது நிலவறைச் சாவி; உளவு பார்க்கவென்றே அந்த வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டவள் அவரிடமிருந்து திருடியது. மேலே ஷாம்பெய்ன் பாட்டில்கள் குறைந்துகொண்டே வருகின்றன. தீர்ந்தால் இன்னும் எடுக்க வீட்டுக்காரர் நிலவறைக்கு வருவார். கடிகாரம் வேண்டாம், குண்டு வேண்டாம், பாட்டில்களை எண்ணினால் போதும். பிறகு காப்பியில் விஷம், அதுவும் நமக்குத் தெரியும். இறுதிப் படிக்கட்டுக் காட்சியில் பதைபதைப்பு வில்லனுக்கும் சேர்ந்தே கிடைத்துவிடுகிறது; உளவாளியைக் கட்டிக்கொண்ட அவன் முட்டாள்தனம் கீழே நிற்கும் கூட்டாளிகளுக்குத் தெரிந்தால் அவன் கதை முடிந்தது. நாலு பேர் படியிறங்குவதை இவ்வளவு நேரம் மூச்சுவிடாமல் பார்க்கவைத்த படம் வேறு நினைவுக்கு வரவில்லை.

வரிசையின் கீழ்ப்பக்கம் சீக்கிரம் முடிந்துவிடும். 'ஸ்டேஜ் ஃப்ரைட்' (1950) தொடக்கத்திலேயே பொய்யான பின்னோக்குக் காட்சியைக் காட்டி நம்மை ஏமாற்றுகிறது. நமக்குத் தெரிந்ததாக நினைத்ததே பொய் என்றால் அப்புறம் எதை வைத்துப் பதறுவது? 'டோபாஸ்' (1969) இரண்டு மணி நேரத்துக்குமேல் ஓடுகிறது. அதில் தொங்குவது படத்தின் முடிவு ஒன்றுதான், ஏனென்றால் எதை வைப்பது என்று தெரியாமல் ஒன்றுக்குமேல் எடுத்துவைத்திருந்தார்கள்.