தேன்கூட்டு மிட்டாய்க்குச் சாக்லேட் உறை எதற்கு?

சாக்லேட் உறை போட்ட தேன்கூட்டு மிட்டாய்களான வயலட் கிரம்பிள், கிரஞ்சி இரண்டையும் அடுத்தடுத்துக் கடித்துப் பார்த்தால் வித்தியாசம் பல்லுக்குத் தெரிந்துவிடும். முதலாவது சில்லுசில்லாகத் தெறிக்கும். இரண்டாவது பொலபொலவென்று உதிரும். உள்ளே இருப்பது என்னவோ ஒரே பண்டம்தான்: காற்றடைத்த சர்க்கரைக் கண்ணாடி. கண்ணாடி என்றது உவமைக்காக அல்ல. சர்க்கரைப் பாகு 150 டிகிரி செல்சியஸை எட்டும்போது அதில் 1–2 சதவீத நீர்தான் மிஞ்சும். சீக்கிரம் ஆறினால் மூலக்கூறுகள் வரிசை கட்டிப் படிகமாக நேரமிருக்காது; கலைந்த நிலையிலேயே இறுகிவிடும். அப்படி இறுகியதுதான் கண்ணாடி. கூடச் சேர்க்கும் குளுக்கோஸ் பாகும் படிகமாவதைத் தடுக்கும். அது இல்லாவிட்டால் மிட்டாய் நறநறக்கும்.

வீட்டு அளவு: சர்க்கரை 200 கிராம், குளுக்கோஸ் பாகு 100 கிராம், தண்ணீர் 50 மில்லி. சர்க்கரை கரைந்தபின் கிளறாமல் 150 டிகிரிக்குக் காய்ச்ச வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டு எடுங்கள். வளையாமல் 'டிக்' என்று ஒடிந்தால் பதம் சரி. அடுப்பை அணைத்து, சலித்த ஆப்ப சோடா 8 கிராம் தூவி, ஐந்தாறு விநாடி மட்டும் கிளறி, எண்ணெய்த் தாள் விரித்த தட்டில் ஊற்றிவிடுங்கள். தட்டைத் தட்டக் கூடாது.

சூட்டில் சோடா சிதைந்து கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் தரும். 5 கிராம் சோடா முழுதும் சிதைந்தால், அந்தச் சூட்டில் கார்பன் டை ஆக்சைடு மட்டுமே சுமார் 1 லிட்டர்! அதனால் பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். மிஞ்சும் சோடியம் கார்பனேட்டின் காரத்தன்மைதான் பொன்னிறத்துக்கும் ஒரு காரணம். சோடா கூடினால் சோப்பு வாடை அடிக்கும். பதம் குறைந்தால் பல்லில் ஒட்டும். ரொம்ப ஆழமாக ஊற்றினால் நடுப்பகுதி ஆறாமல் கிடந்து, குமிழ்கள் உடைந்து அமுங்கிவிடும். அங்கே கசப்பும் ஏறும்.

தெறிப்பதா உதிர்வதா என்பதைக் குமிழிச் சுவர்தான் தீர்மானிக்கும். சுவர் தடித்திருந்தால் விரிசல் நெடுக ஓடித் துண்டாகத் தெறிக்கும். குமிழ்கள் சிறிதாக, சுவர் மெலிந்திருந்தால் ஒவ்வொன்றாக நொறுங்கித் தூளாகும்.

இந்தக் கண்ணாடிக்கு எதிரி ஈரம். காற்றின் நீரை இழுத்ததும் மேற்பரப்பு இளகிப் பிசுபிசுக்கும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மிட்டாய் தயாரித்த ஏபெல் ஹோட்லிக்கு நேர்ந்ததும் அதுதான். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவே, அவற்றைச் சாக்லேட்டில் முக்கினார். 1913இல் வயலட் கிரம்பிள் வந்தது. ஆக, அந்த உறை முதலில் ருசிக்கு அல்ல, மழைக்கோட்டாக வந்தது. இங்கிலாந்தின் ஃப்ரை நிறுவனம் 1929இல் கிரஞ்சியைக் கொண்டுவந்தது. கிரஞ்சிப் பாளத்தை வெட்டும் முறை எங்களுக்கு மிகவும் பிடித்தது. கத்தி வைத்தால் நொறுங்கும், நீர்த்தாரை பாய்ச்சினால் கரையும். ஆகவே எண்ணெயை மெல்லிய தாரையாகப் பீய்ச்சி அறுக்கிறார்கள்.

வீட்டில் முக்கும்போது மிட்டாய் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ஈரக்காற்று அடிக்கும் நாள் வேண்டாம். ஃப்ரிட்ஜில் இறுகவிட்டால் வெளியே எடுத்ததும் நீர் வியர்த்துவிடும். உதிர்ந்த தூளைத் துடைத்துவிட்டு, அடிப்பக்கத்தையும் விடாமல் மூடுங்கள். ஊசிமுனை ஓட்டை ஒன்று விட்டுப்போனாலும் சில நாளில் அதன் வழியே பழுப்புப் பாகு கசிந்து நிற்கும்.